தானியத்துடன் வரும் பகை: துறைமுகக் களஞ்சிய விதிகளும் கமக்காரர் கைக்கொள்ளத்தக்க முறைகளும்

முன்னுரை

இலங்கையில் நெல் விளைகின்றது. கோதுமை வர்த்தக முறையில் விளைவதில்லை. பாணுக்கும் பிட்டுக்கும் மாவாகும் கோதுமை கடல் கடந்தே வருகின்றது. கால்நடைத் தீவனத்துக்குரிய சோளமும் பருப்பு வகைகளும், விளைச்சல் குன்றிய காலங்களில் அரிசியும், இவ்வாறே வந்திறங்குவதுண்டு. இத்தானியம் துறைமுகத்தில் இறங்கும்போது, விலை கொடுத்து வாங்கப்படாத மூன்று பொருள்களும் அதனுடன் இறங்கக்கூடும். அவை பூச்சி, களைவிதை, பூஞ்சணம் என்பனவாம்.

இவற்றைத் தடுத்தற்பொருட்டுத் துறைமுகக் களஞ்சியங்களிற் சில விதிகள் கைக்கொள்ளப்படுகின்றன. அவற்றைக் கமக்காரர் அறிவதனால் இரண்டு நன்மைகள் உண்டு. துறைமுகத்திற் காவல் தளருமாயின் அதன் தீமை இறுதியில் வந்து சேருமிடம் வயலும் தோட்டமுமாகும். ஆதலால் அக்காவலின் பொருளை அவர் உணர்ந்திருத்தல் வேண்டும். மேலும், ஆயிரக்கணக்கான தொன் கோதுமையைக் காக்கும் அதே விதிகள், வீட்டு மூலையில் அடுக்கிய பத்துச் சாக்கு நெல்லையுங் காக்கவல்லன. காலபோக அறுவடையில் எடுத்துவைத்த விதைநெல், அடுத்த காலபோக விதைப்பு வரை ஏழெட்டு மாதம் இருத்தல் வேண்டும். அந்நெல் கெடுமாயின் கெடுவது நெல் மாத்திரமன்று; ஒரு போகமே கெடும்.

உயர்த்திக் களஞ்சியம் என்பது யாது?

கப்பலின் உட்கிடங்கிற் சாக்கின்றிக் குவியலாக வரும் தானியத்தை ஆட்கள் தோளிற் சுமந்து இறக்குதல் முன்னாள் வழக்கம். 1842 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பஃபலோ நகரில் யோசப் டாட் என்னும் வணிகர், நீராவி இயந்திரத்தாற் சுழலும் பட்டியொன்றில் வாளிகளைப் பொருத்தி, தானியத்தை அள்ளி மேலே ஏற்றும் களஞ்சியத்தை அமைத்தார். கிணற்றிலிருந்து வாளிகள் நீரை முகந்து மேலே வருதல் போன்றதே அதன் இயக்கம். மேலேறிய தானியம் நிறுக்கப்பட்டு, உயர்ந்த கூண்டுகளுள் தன் பாரத்தாலேயே இறங்கி நிறையும். வேண்டும்போது அடிவாயிலைத் திறந்து அதனை எடுத்துக்கொள்வர். இக்காலத்தில் மின்சார வாளிப்பட்டிகளும், காற்றினால் உறிஞ்சும் குழாய்களும் இவ்வேலையைச் செய்கின்றன. திருகோணமலையிலே சீனன்குடாவில் 1980 இல் இயங்கத் தொடங்கிய மாவாலையும் வெளிநாட்டுக் கோதுமையைக் கப்பலிலிருந்து குவியலாக இறக்கி, உயர்ந்த களஞ்சியங்களிற் சேமித்து அரைத்து வருகின்றது.

இம்முறையாற் கூலியும் காலமும் மீதமாகும். ஆயின் இதில் ஓர் அபாயமும் உண்டு. சாக்குகளில் இருக்குந் தானியத்திற் கெட்ட சாக்கை விலக்கலாம். கூண்டினுட் கொட்டிய தானியத்தில் ஒரு வண்டிப் பாரம் கெட்டதாயின் அதனைப் பிரித்தெடுத்தல் இயலாது. ஆதலால் களஞ்சிய விதிகள் யாவும், கலக்குமுன் ஆராய்தல் என்னும் ஒரே அடிப்படையில் அமைந்துள்ளன.

கண்ணுக்குத் தோன்றாத பூச்சி

தானியத்தைக் கையில் அள்ளிப் பார்த்துப் பூச்சி இல்லையெனக் கூறுதல் போதுமானதன்று. அரிசிக் கூன்வண்டின் பெண் தன் நீண்ட மூக்கினால் மணியிற் சிறு துளையிட்டு, அதனுள் ஒரு முட்டையை வைத்து, பசை போன்ற பொருளால் அத்துளையை மூடிவிடுகின்றது. புழு மணியினுள்ளேயே தின்று வளர்ந்து, அங்கேயே கூட்டுப்புழுவாகி, வண்டாகி வெளியேறும். வெப்ப நாட்டில் இதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் செல்லும். அதுவரை அம்மணி நல்ல மணி போலவே தோன்றும்.

ஒரு பெண் வண்டு தன் வாழ்நாளில் 300 வரையான முட்டைகளை இடவல்லது. கணக்கின் பொருட்டு, அவற்றுள் 100 மாத்திரம் வண்டாயின எனவும், அவற்றுட் பாதி பெண் எனவுங் கொள்வோம். அந்த 50 பெண் வண்டுகளும் அவ்வாறே பெருகின், அடுத்த தலைமுறையில் 5,000 வண்டுகள் உண்டாகும். மூன்றாந் தலைமுறையில் அத்தொகை 250,000 ஆகும். பங்குனியில் ஒரு வண்டு இருந்த சாக்கு, ஆவணியில் மாவும் உமியுமாய்க் கிடப்பதன் காரணம் இதுவே.

நெல்லுக்கு உமி ஓர் இயற்கைக் கவசமாகும். உமி உடையாத நெல்லினுட் கூன்வண்டு எளிதிற் புகமாட்டாது. ஆயின் நெல் அந்துப்பூச்சியின் புழுவும், சிறு தானியத்துளைப்பானும் உமியைக் கடந்து உட்செல்லவல்லன. சூடடிக்கும்போதும் இயந்திரத்தால் அறுவடை செய்யும்போதும் உமி வெடித்த மணிகள் எல்லாப் பூச்சிக்கும் திறந்த வாயிலாகும்.

பிற நாடுகளிற் பெற்ற பாடம்

பூச்சி, களைவிதை, பூஞ்சணம் ஆகிய மூன்றும் தானிய வாணிகத்தோடு சென்று விளைத்த கேட்டிற்கு மூன்று சான்றுகள் கீழே தரப்படுகின்றன.

பூச்சி: கப்ரா வண்டு என்பது பறக்கமாட்டாத சிறு வண்டு. எனினும் அது தானியத்தோடும் பழஞ்சாக்கோடும் நாடு விட்டு நாடு சென்றது. அதன் மயிர் நிறைந்த புழு உணவின்றியும் சுவர் வெடிப்புகளில் வருடக்கணக்காக மறைந்திருக்கும் இயல்புடையது. 1953 இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துத் தானியக் கிடங்குகளில் இது கண்டுபிடிக்கப்பட்டது. முழுக் கட்டடங்களையே பெருந் துணிகளால் மூடி நச்சுப்புகை செலுத்தவேண்டியதாயிற்று. அவ்வொழிப்பு வேலை 1966 வரை நீடித்தது.

களைவிதை: பார்த்தீனியம் என்னும் களை 1955 இல் இந்தியாவின் பூனா நகரிற் கவனிக்கப்பட்டது. அது அமெரிக்கக் கோதுமையோடு வந்ததென்பது பரவலான கருத்தாகும். ஒரு செடி பல்லாயிரம் விதைகளை ஈனும். அது பயிரை நெருக்குவதோடு, தொடுவோர்க்குத் தோல் நோயையும், அதன் மகரந்தத்தைச் சுவாசிப்போர்க்கு இழுப்பையும் உண்டாக்கும். இலங்கையில் அக்களை 1999 இல் வவுனியாவில் அறியப்பட்டது. இங்கு அது தானியத்தோடு வந்ததெனக் கூறுவதற்கில்லை. ஆயினும் வந்தபின் வாகனச் சில்லிலும், மண்ணிலும், எருவிலும், தீவனத்திலுஞ் சென்று வட பகுதித் தோட்டங்களுக்குப் பரவியது.

பூஞ்சணம்: 1960 இல் இங்கிலாந்தில் இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணந் தெரியாது மடிந்தன. பிரேசில் நாட்டிலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கே காரணம் எனப் பின்னர் அறியப்பட்டது. ஈரமாயிருந்த கடலையிற் படர்ந்த பூஞ்சணம் அஃபிளாடொக்சின் என்னும் நஞ்சை அதிற் சேர்த்திருந்தது. அந்நஞ்சு சாதாரண சமையற் சூட்டினால் நீங்குவதில்லை; மனிதரின் ஈரலுக்குங் கேடு செய்வது.

துறைமுகக் களஞ்சியத்தின் விதிகள்

1. சான்றிதழ்: 1951 இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட சர்வதேசத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கையின்படி, அனுப்பும் நாடு தானியத்தைப் பரிசோதித்துச் சுகாதாரச் சான்றிதழ் வழங்கல் வேண்டும். இலங்கையில் 1924 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இக்காவலுக்கு வழிவகுத்தது. அதன் இடத்தில் 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

2. மாதிரி எடுத்தல்: கிடங்கின் மேற்பரப்பில் மாத்திரமன்றி நடுவிலும் அடியிலும், பல இடங்களில் நீண்ட குழாயைச் செலுத்தி மாதிரி எடுத்தல் வேண்டும். அதனை அரித்து, வண்டு, புழுத்தோல், களைவிதை, மண் ஆகியவற்றைத் தேடுதல் வேண்டும். ஐயத்துக்குரிய மாதிரியைச் சிலகாலம் மூடிவைத்து, மணியினுள்ளிருந்து பூச்சி வெளிவருகின்றதா என நோக்குவர்.

3. வேறாக வைத்தல்: ஆராய்ந்து முடியாத தானியத்தைப் பழைய தானியத்துடனாவது வேறு கப்பலில் வந்த தானியத்துடனாவது சேர்த்தல் ஆகாது. எந்தக் கூண்டில் எப்போது வந்த எத்தானியம் உள்ளது என்பது குறிப்பேட்டில் எழுதப்படல் வேண்டும்.

4. ஈரமும் வெப்பமும்: நெடுநாள் வைக்கவேண்டிய தானியத்தின் ஈரம் நூற்றுக்கு 13 அளவில் அல்லது அதற்குக் கீழ் இருத்தல் நன்று. கூண்டினுள்ளே வெப்பமானிகளைத் தொங்கவிட்டு நாடோறும் நோக்குவர். ஓரிடத்தில் மாத்திரம் வெப்பம் ஏறுமாயின் அங்கே பூச்சியோ பூஞ்சணமோ பெருகுகின்றது என்பது பொருள். அப்போது தானியத்தை வேறு கூண்டுக்கு மாற்றியாவது, காற்றைச் செலுத்தியாவது வெப்பத்தைத் தணிப்பர்.

5. துப்புரவு: கூண்டு வெறுமையானதும் சுவரும் அடியும் கூட்டப்படல் வேண்டும். மூலையில் எஞ்சிய ஒரு பிடி தூசியே அடுத்த கப்பற் தானியத்துக்குப் பூச்சியை வழங்கும். அத்தூசி தீக்கும் இரையாகும். காற்றில் மிதக்கும் தானியத் தூசி ஒரு தீப்பொறியால் வெடிக்கவல்லது. 1977 டிசெம்பரில் அமெரிக்காவின் வெஸ்ற்வீகோ நகரத் தானியக் களஞ்சியம் இவ்வாறு வெடித்து 36 பேர் இறந்தனர்.

6. கழிவை அழித்தல்: அரிப்பினால் நீங்கிய களைவிதை, உமி, தூசி ஆகியன எரிக்கப்படல் அல்லது முளைக்காவண்ணம் அரைக்கப்படல் வேண்டும். உணவுக்கென வந்த தானியத்தை விதையாகப் பயன்படுத்தல் ஆகாது.

7. நச்சுப்புகை: பூச்சி காணப்படின் பயிற்சி பெற்றோர் மாத்திரமே பொஸ்பீன் முதலிய வாயுவைச் செலுத்தல் வேண்டும். இடம் காற்றுப் புகாது மூடப்பட்டு, குறித்த நாட்கள் கழிந்த பின்னரே திறக்கப்படும். குறைந்த அளவும் குறைந்த நாளுங் கொண்டு முடிப்பின், எஞ்சிய பூச்சிகள் அந்நஞ்சைத் தாங்கும் வலிமை பெற்றுப் பெருகும். முன்னர் பெரிதும் பயன்பட்ட மெதைல் புரோமைட்டு, வானின் ஓசோன் படைக்குக் கேடு செய்வதனால், மொன்றியல் உடன்படிக்கையின் கீழ் பொதுப் பாவனையிலிருந்து நீக்கப்பட்டது. நோய்த்தடைக் காவற் தேவைக்கும் ஏற்றுமதிக்கு முன்னரான சிகிச்சைக்கும் மாத்திரம் அதற்கு விலக்களிக்கப்பட்டுள்ளது.

கமக்காரர் வீட்டிற் கைக்கொள்ளும் முறை

புதியதைப் பழையதோடு சேர்க்கலாகாது. சந்தையிலோ அயலாரிடத்தோ வாங்கிய நெல், பயறு, உழுந்து, கோழித்தீவனம் எதுவாயினும், வீட்டுத் தானியம் உள்ள அறையில் அதனை உடனே வைத்தலாகாது. ஒரு மாதம் வேறிடத்தில் வைத்து வாரந்தோறும் அரித்துப் பார்த்தல் வேண்டும். முட்டை வண்டாகி வெளியேறும் காலம் ஏறத்தாழ ஒரு மாதமாதலின், அக்காலம் கழிந்து பூச்சி தோன்றாவிடிற் பெரும்பாலும் அச்சமில்லை.

நெல்லை நன்கு காயவைத்தல் வேண்டும். அறுவடையில் நெல்லின் ஈரம் நூற்றுக்கு 20 முதல் 24 வரை இருத்தல் இயல்பு. பாயிலோ துப்புரவான சீமெந்துத் தளத்திலோ மெல்லிதாகப் பரப்பி, அடிக்கடி கிளறி, 13 அளவுக்குக் கொண்டுவருதல் வேண்டும். விதைநெல்லாயின் 12 அளவு நன்று. ஈரத்தை நூற்றுக்கு ஒன்று குறைக்குந்தோறும் விதையின் ஆயுள் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது விதை நூலோர் கூறும் பொதுவிதி. வீதியிற் பரப்புதல் தவறு. வாகனச் சில்லின் கீழ் உமி உடையும், கல்லும் களைவிதையுங் கலக்கும்.

ஈரத்தை அறியும் கருவி இல்லாதவர் உப்பினாற் சோதிக்கலாம். நன்கு உலர்ந்த கண்ணாடிப் போத்தலில் ஒரு பங்கு காய்ந்த தூளுப்பும் மூன்று பங்கு நெல்லும் இட்டு மூடி, சில நிமிடம் குலுக்கிப் பின் சிறிது நேரம் அசையாது வைத்தல் வேண்டும். உப்புப் போத்தலின் பக்கங்களில் ஒட்டுமாயின் ஈரம் நூற்றுக்கு 15 இலும் மேலாக உள்ளது; மீண்டும் காயவைத்தல் வேண்டும். உப்பு ஒட்டாமை ஈரம் 15 இற்குக் கீழ் வந்ததை மாத்திரமே காட்டும். ஆதலின் விதைநெல்லை அதன் பின்னரும் வெயிலிற் காயவைத்தல் நலம். காய்ந்த நெல்லை நன்கு ஆறவிட்ட பின்னரே கட்டுதல் வேண்டும். சூட்டோடு கட்டிய நெல்லிற் சாக்கின் உட்புறம் வியர்த்துப் பூஞ்சணம் படரும்.

சாக்குகளைச் சோதித்தல் வேண்டும். பழஞ்சாக்கின் தையலிற் புழுவும் முட்டையும் தங்கும். கோதுமையோ தீவனமோ வந்த சாக்குகளைக் கொதிநீரில் தோய்த்து, உட்புறத்தை வெளியே புரட்டி, வெயிலில் உலர்த்திய பின்னரே பயன்படுத்தல் வேண்டும். விதைநெல்லுக்குப் புதுச் சாக்கே உகந்தது. காற்றுப் புகாத தடித்த பொலித்தீன் உறையினுள் நன்கு காய்ந்த நெல்லை இட்டு இறுகக் கட்டி, அதனைச் சாக்கினுள் வைத்தல் மேலும் நன்று. உள்ளிருக்கும் பூச்சி அங்குள்ள உயிர்வாயுவைத் தீர்த்துத் தானே மடியும். காயாத நெல்லை இவ்வாறு கட்டின் அது அழுகும்.

கொம்பறையையும் அறையையும் புது நெல் வருமுன் துப்புரவு செய்தல் வேண்டும். பழைய நெல்லை முற்றாக வெளியேற்றி, வெடிப்புகளை மண்ணாலோ சீமெந்தாலோ பூசி, கூட்டிய குப்பையை எரித்துவிடுதல் வேண்டும். சாக்குகளை நிலத்தில் வைக்காது மரத்தாங்கிகளின் மீது, சுவரிலிருந்து ஒரு முழம் விலக்கி அடுக்குதல் வேண்டும். முந்தி வந்த நெல்லை முந்திச் செலவு செய்தல் வேண்டும்.

இரு வாரத்துக்கு ஒருமுறை நெல்லினுட் கையைச் செலுத்திப் பார்த்தல் வேண்டும். சூடு, புளித்த மணம், மா போன்ற தூள், சிறு அந்து பறத்தல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் அச்சாக்கை உடனே பிரித்து, வெயிலிற் பரப்பி, அரித்து வேறாக வைத்தல் வேண்டும். வெயில் வண்டை ஓட்டும். ஆயின் மணியினுள்ளிருக்கும் முட்டை யாவும் மடியுமெனக் கொள்ளலாகாது. அச்சாக்கை விதைக்கு வையாது, முதலிற் குற்றிச் செலவு செய்தலே அறிவுடைமை.

விதைநெல்லுக்குரிய தனிக் கவனம்

ஏக்கருக்கு 2 புசல் விதைக்கும் வழக்கம், நல்ல விதையைக் கருதியது. விதையிற் பாதி முளைக்காவிடின், அதே 2 புசல் 1 புசலின் பயனையே தரும். அதனை அறியும் நாள் விதைத்து ஒரு வாரங் கழிந்த நாளாயின், மழையும் பருவமும் காத்திரா. ஆதலால் விதைப்புக்கு மூன்று வாரத்துக்கு முன்னரே, சாக்கின் பல இடங்களிலிருந்தும் எடுத்த 100 மணிகளை நனைந்த துணியிற் சுற்றி, ஈரங் காயாது ஒரு வாரம் வைத்து எண்ணுதல் வேண்டும். 85 இற்கு மேல் முளைப்பின் விதை நன்று. 70 இற்குக் குறையின் வேறு விதை தேடுதற்கு அப்போதும் காலம் உண்டு.

இன்னொரு பகை களை நெல்லாகும். 1990களில் அம்பாறை, வவுனியா மாவட்டங்களில் இடராகத் தோன்றிய இக்களை, பின்னர் ஏனைய மாவட்டங்களுக்கும் பரவியது. அது பயிர் நெல்லைப் போன்றே வளர்ந்து, அறுவடைக்கு முன் தன் மணிகளை உதிர்த்து நிலத்தை நிரப்பிவிடும். அது பெரிதும் பரவியது விதைநெல்லினாலும் அறுவடை இயந்திரத்தினாலுமாகும். இயந்திரம் வரம்பில் ஏறுமுன் அதில் தங்கிய நெல்லைத் துடைத்தகற்றுமாறு கேட்டல் கமக்காரரின் உரிமை. துறைமுகக் கூண்டைக் கூட்டும் விதியும் இவ்விதியும் ஒன்றே.

தோட்டக்காரர் கவனிக்க வேண்டியவை

மலிவாகக் கிடைக்கும் கிடங்குக் கூட்டலையும் லொறியிற் சிந்திய தானியத்தையும் வாங்கிக் கோழிக்கு இடுவோர் உளர். அதில் என்ன விதை உண்டென்பது தெரியாது. கோழி சிதறியதும், அதன் எருவோடு சேர்ந்ததும் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் இடும் பசளையாய்த் தோட்டத்துட் செல்லும். இத்தகைய தீவனத்தை அரைத்தே கொடுத்தல் வேண்டும். எருவைக் குவித்து, வெப்பமேறி நன்கு உக்கிய பின்னரே இடுதல் வேண்டும். பூஞ்சணம் பிடித்த சோளத்தையும் கடலைப் பிண்ணாக்கையும் மாட்டுக்கோ கோழிக்கோ கொடுத்தலாகாது.

பார்த்தீனியச் செடி காணப்படின், பூக்குமுன், கையுறை அணிந்து வேருடன் பிடுங்கி அழித்தல் வேண்டும். பூத்த செடியை இழுத்துச் செல்லுதல் விதைத்தலுக்கு ஒப்பாகும். முன்னர் கண்டிராத களையோ பூச்சியோ தோன்றின், அதனை வேறிடத்துக்குக் கொண்டுசெல்லாது, அப்பகுதி விவசாயப் போதனாசிரியருக்கு அறிவித்தல் வேண்டும்.

நஞ்சு பற்றிய எச்சரிக்கை

களஞ்சியத்தில் நச்சுப்புகை பயன்படுகின்றதென்பதைக் கண்டு, வீட்டிலும் அதனைப் பயன்படுத்த முனைதல் பெருந் தவறு. பொஸ்பீன் வில்லைகள் காற்றின் ஈரம் பட்டதும் உயிர்கொல்லும் வாயுவாகும். மக்கள் உறங்கும் வீட்டில் அவற்றை வைத்தல் ஒருபோதும் ஆகாது. வயலுக்குத் தெளிக்கும் நாசினியை உண்ணும் நெல்லிற் கலத்தலும் ஆகாது. நன்கு காய்ந்த நெல்லுக்குத் துப்புரவும் மூடிய உறையுமே போதுமான காவலாகும். வேப்பிலை, நொச்சியிலை இடும் பழைய வழக்கம் துணையாகலாம். காயவைத்தலுக்கு அது ஈடாகாது.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. புதிய தானியத்தை ஒரு மாதம் வேறாக வைக்க.
2. நெல்லை 13 அளவுக்கும், விதைநெல்லை 12 அளவுக்கும் காயவைத்து, ஆறிய பின் கட்டுக.
3. பழஞ்சாக்கைக் கொதிநீரில் தோய்க்காது பயன்படுத்தற்க.
4. கொம்பறையைக் கூட்டி, குப்பையை எரிக்க.
5. இரு வாரத்துக்கு ஒருமுறை சோதிக்க; கெட்ட சாக்கை உடனே பிரிக்க.
6. விதைப்புக்கு மூன்று வாரத்துக்கு முன் 100 மணிகளை முளைக்கவைத்து எண்ணுக.
7. உணவுக்கு வந்த வெளிநாட்டுத் தானியத்தை விதைக்கற்க.
8. புதுக் களையையும் புதுப் பூச்சியையும் உடனே அறிவிக்க.

இவற்றுள் எதுவும் பெருஞ் செலவு வேண்டுவதன்று. வெயிலும் துடைப்பமும் சுளகும் எல்லார் வீட்டிலும் உள்ளன. அவற்றை உரிய காலத்திற் பயன்படுத்துவோரின் விதைநெல், ஐப்பசி மழையில் வயலுக்குச் செல்லும்போது உயிருடன் செல்லும்.